கோடைக்குப் பிறந்த பிள்ளைகள்

மழை பெய்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ராமநாதபுரம் சீமையில் ஒருத்தி வாயைத் திறந்து இப்படிச் சொன்னால் விளக்குமாறு பிய்ந்துபோகும். பிய்யட்டும், எனக்கென்ன. பதினோரு வருஷமாக வெள்ளையேந்தல் கண்மாய் தவறாமல் நிறைந்து மறுகால் பாய்கிறது. முள்ளுக்காடாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது நெல். ஆடு மாடுகூடத் தோல் பளபளக்கத் திரிகிறது. அப்படிப்பட்ட ஊருக்குள் முப்பத்து நான்கு பிள்ளைகள் ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீரும் இரண்டு கைப்பிடி வரகுச்சோறுமாக உயிரோடு இருக்கிறார்கள். அதற்கு மேல் உள்ளே போனால் உயிரோடு இருக்க மாட்டார்கள்.

அவர்களுக்கு அந்த உடம்பைக் கொடுத்த மாத்திரையை நான் கண்டுபிடிக்கவில்லை. விழுங்கவைத்தவள் நான். என் பெயர் சகாயமேரி, இந்த ஊர் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ். மாசமாக இருந்த ஒவ்வொருத்தியையும் என் கண் முன்னால் விழுங்கச் சொல்லி, "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். என்னை ஏமாற்றிவிட்டு ஒருத்தி துப்பிவிட முடியுமா? அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அந்தக் காலத்தைச் சொன்னால்தான் என்மேல் உங்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வரும். ஆறு வருஷம் மழை இல்லை. தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். தாய்மாருக்குப் பால் வற்றிவிட்டது. ஒரே சித்திரை மாதத்தில் மூன்று பச்சைக் குழந்தைகளைத் துணியில் சுற்றி அவர்கள் அப்பன்மார் கையில் கொடுத்தேன். நாலாவது ஒன்றைக் கொடுக்க என் கையில் தெம்பு இல்லை. அந்த நேரத்தில்தான் டாக்டர் நஸ்ரின் ஜீப்பில் வந்து இறங்கினாள். ஏதோ ஓர் அறக்கட்டளை அனுப்பிய பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். மாசமாக இருந்தவர்களையும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் நிலையத்து வராந்தாவில் உட்காரவைத்துப் பேசினாள்.

"வயித்துல இருக்குற பிள்ளை சும்மா தூங்கிட்டு இல்லம்மா. அம்மா ரத்தத்துல என்ன வருது, எவ்வளவு வருதுன்னு ருசி பார்த்துக்கிட்டே இருக்கும். சத்து குறைஞ்சா, வெளிய பஞ்சம் போலன்னு முடிவு பண்ணிக்கும். அதுக்கு ஏத்த மாதிரி ஈரல், சிறுநீரகம், தோல் எல்லாத்தையும் கட்டிக்கும். அப்படிக் கட்டுன உடம்பு பஞ்சத்துல தாக்குப்பிடிக்கும்."

"அப்ப பட்டினி கெடக்கச் சொல்றியாத்தா? அதான் கெடக்கோமே," என்றாள் ராக்கம்மாள். தம்பி பெண்டாட்டி பாண்டீஸ்வரிக்கு அப்போது ஐந்து மாதம். அவளுக்குத் துணையாக வந்திருந்தாள்.

"பட்டினி கெடந்தா பிள்ளை எடையே இல்லாமப் பொறந்து செத்துரும். நீங்க கெடைக்கிறதச் சாப்பிடுங்க. இந்த மாத்திரை சேதிய மட்டும் உள்ள கொண்டுபோகும். வெளிய வறட்சி, தயாரா வான்னு."

பாண்டீஸ்வரி தலையைத் தூக்கினாள். "தயாராகி வந்த பெறகு மழை பேஞ்சுட்டா என்ன டாக்டரம்மா பண்றது?"

எல்லோரும் சிரித்தோம். அந்த ஆறு வருஷத்தில் அப்படி ஒரு நல்ல சிரிப்பு வந்ததே இல்லை. நஸ்ரினும் சிரித்தாள். "நாப்பது வருசத்துக்கு வராதுன்னு கம்ப்யூட்டர் அடிச்சுச் சொல்லுது. அதையும் மீறி வந்துட்டா சந்தோசம்தானே?"

நாற்பத்தொரு பிள்ளைகள் பிறந்தார்கள், கோடைப் பிள்ளைகள் என்று ஊரே கூப்பிட்டது. ஒன்றுகூடச் சாகவில்லை. கால் சங்குப் பாலில் பசியாறித் தூங்கின. நாவறண்டு ஒன்றும் அழவில்லை. வெயிலில் கிடந்தாலும் தோல் சிவக்கவில்லை. எனக்கு மாலை போட்டார்கள். மேடையில் ஏற்றினார்கள். அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. ஊரே கண்மாய்க்கரையில் நின்று குலவை போட்டது. நானும் போட்டேன்.

பிள்ளைகளுக்கு இரண்டு வயது ஆனபோது பாதங்கள் வீங்க ஆரம்பித்தன. அவர்கள் உடம்பு கிடைத்ததை விடாது. தண்ணீரானாலும் உப்பானாலும் எண்ணெயானாலும் உள்ளே போனதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இனிமேல் கிடைக்காது என்ற பயத்தில். முதலில் போனவன் முகிலன். நாலு வயது. அம்மன் கோயில் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலில் யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு மூன்றாவது தம்ளரையும் கொடுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் மூச்சுப்பை நிறைந்துவிட்டது. அவனுக்கு அப்புறம் ஆறு பேர். எல்லோருமே யாரோ ஒருவர் ஆசையாகக் கொடுத்ததைத் தின்றுதான் போனார்கள்.

அறக்கட்டளை பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. நஸ்ரின் போகவில்லை. பரமக்குடியில் வீடு எடுத்துத் தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பாள். முதல் வருஷம் ஊர்க்காரர்கள் அவள் மேல் சாணி எறிந்தார்கள். இரண்டாம் வருஷம் டீ கொடுத்தார்கள்.

"இத மாத்துறதுக்கு வேற மாத்திரை கண்டுபிடியேன்," என்று ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"கட்டி முடிச்ச வீட்டுல அஸ்திவாரத்த உருவ முடியாது மேரிக்கா," என்றாள்.

வடிகால் என்று அவர்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. நாற்பது டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் அவர்கள் தோல் திறந்து வியர்க்கும். இந்தக் குளிர்ந்த ஊரில் அதற்கு எங்கே போக? கரி மூட்டம்தான். பஞ்ச காலத்தில் ஊருக்கே பிழைப்பு அதுதான். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணால் மூடி, உள்ளே நாள் கணக்கில் கனியவிடுவது. இப்போது ஊருக்குக் கரி தேவையில்லை, பிள்ளைகளுக்குச் சூடு தேவை. கண்மாய்க்கு மேற்கே தகரக் கொட்டகை போட்டு அதற்குள் ஒரு மூட்டத்தை அணையவிடாமல் வைத்திருக்கிறோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் முப்பத்து நான்கு பேரும் அங்கே போய்விடுவார்கள். நான் தினமும் பார்க்கிறேன். மூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இல்லை, சண்டை இல்லை, ஒரு கிள்ளல் இல்லை. தகரத்தில் மழை கொட்டும். அவர்கள் கண்ணை மூடியிருப்பார்கள், ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் மாதிரி முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். நினைவு தெரிந்த நாளிலிருந்து மழையில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வெடித்த மண்ணைக் கண்ணால் பார்த்தது கிடையாது. மூன்றாம் வகுப்பில் டீச்சர் 'நம் ஊர்' என்று படம் வரையச் சொன்னபோது ஒருவர் பாக்கியில்லாமல் பச்சைக் கலரைத் தொடவில்லை. தாள் முழுக்கக் கோடு கோடாக வெடிப்பு. ராக்கம்மாள் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது நம்ம கண்மாய் மடைக்குக் கீழ விழுந்த வெடிப்புடி, எருமை கால் மாட்டிச் செத்துச்சே, அதேதான்," என்று அழுதாள்.

நஸ்ரினிடம் காட்டினேன். "அவங்க கண்ணு பார்க்கல மேரிக்கா. உடம்பு எந்த இடத்துக்குன்னு தன்னக் கட்டிக்கிச்சோ அந்த இடத்தத் தேடுது," என்றாள். சொல்லிவிட்டு அந்தத் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

சரி, நான் சொல்லவந்தது மதுநிஷா விஷயம். பாண்டீஸ்வரியின் ஒரே பிள்ளை. அப்பன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவான். பாண்டீஸ்வரி அந்தப் பிள்ளையை எப்படி வளர்த்தாள் என்று எனக்குத் தெரியும். அடுப்படிக்குப் பூட்டு, குடத்துக்கு மூடி, மூடிக்குக் கம்பி. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று பிள்ளையை ஒரு பந்திக்கும் கூட்டிப்போனதில்லை. பன்னிரண்டு வருஷத்தில் மகளுக்கு ஒரு கவளம் கூடுதலாக அவள் ஊட்டியதில்லை. கல் நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. அந்தக் கல் நெஞ்சால்தான் பிள்ளை பன்னிரண்டு வயதைப் பார்த்தது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாண்டீஸ்வரி நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"நர்ஸக்கா, பிள்ளை பெரியவளாயிட்டா."

"அடி என் தங்கம்! இதுக்கா பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. மதினிக்குத் தெரிஞ்சா உளுந்தங்களியத் தூக்கிட்டு வந்துருவாங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கம் ஒரு பெண் வயதுக்கு வந்தால் அவளைத் தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் உட்காரவைத்து, உறவுக்காரப் பெண்கள் ஆளாளுக்கு ஊட்டுவார்கள். விடிந்தால் பச்சை முட்டை, அது முடிந்ததும் அரைத் தம்ளர் நல்லெண்ணெய், அப்புறம் கருப்பட்டி போட்டு எண்ணெய் ஒழுக ஒழுக உளுந்தங்களி. இடுப்பு வலுக்க வேண்டும், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் திணிப்பார்கள். மற்றப் பெண்ணுக்கு அது ஊட்டம். மதுநிஷாவுக்கு அது விஷம். கோடைப் பிள்ளைகளில் முதலில் வயதுக்கு வந்தவள் அவள்தான். அதனால் இப்படி ஒன்று வரும் என்று நாங்கள் யாருமே யோசித்து வைக்கவில்லை.

மறைக்க முடியுமா? இரண்டு நாள் மூட்டத்துக்கு வரவில்லை என்றதுமே ராக்கம்மாள் மோப்பம் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் பித்தளைத் தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஏண்டி பாண்டி, என் தம்பி மக சமைஞ்சத நான் தெருவுல கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? அத்தைக்காரி நான் உசுரோட இருக்கேனா, செத்துட்டேனா?"

"மதினி, ஒங்களுக்குத் தெரியாதா? அவளுக்கு ஆகாது மதினி."

"எனக்குப் பிள்ளை இல்ல, கொள்ளை இல்ல. இவ ஒருத்திதான் எனக்கு மருமக. பன்னண்டு வயசுப் பிள்ளை எட்டு வயசுப் பிள்ளை கணக்கா இருக்கு. பட்டினி போட்டே பாதியாக்கிட்ட. இன்னைக்கும் ஒரு வாய் குடுக்க விட மாட்டியா?"

நான் நடுவில் புகுந்தேன். "ராக்கு, வாளிய எடுத்துட்டு வீட்டுக்குப் போ. கொலைகாரி ஆகிராத."

ராக்கம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு, நானா? மாத்திரைய முழுங்கச் சொல்லி நாக்குக்கு அடியில வெளிச்சம் அடிச்சுப் பாத்தது நானா?"

தடுப்புக்குள்ளிருந்து மதுநிஷா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லிக் கழுத்து, பெரிய கண். அவள் பார்த்தது என்னையோ அத்தையையோ இல்லை, வாளியைத்தான். கருப்பட்டி வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. மனசு இளகிப்போன அந்த நிமிஷத்தில் நான் ஒரு கணக்குப் போட்டேன். காலையில் குடிக்கிற ஒரு தம்ளரை நிறுத்திவிட்டு, சோற்றையும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கரண்டி களி கொடுத்தால் தாங்கும். சாஸ்திரமும் ஆச்சு, இவள் வாயும் அடங்கும்.

"ஒரு கரண்டி," என்றேன். "என் முன்னால. ஒரே ஒரு கரண்டிக்கு மேல ஒரு சொட்டு போகக் கூடாது."

ராக்கம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து ஊட்டினாள். பிள்ளை அதை விழுங்கவே மனசில்லாமல் வாயில் வைத்துக்கொண்டே இருந்தது. ராக்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். பாண்டீஸ்வரியும் அழுதாள். மத்தியானம் நஸ்ரின் வந்து நிறுத்துப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுளித்தாள், ஆனாலும் எடை கூடவில்லை. பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் வீடு திரும்பினேன்.

நான் சொன்ன சொல் அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் போய்விட்டது. 'நர்ஸம்மா ஒரு கரண்டி குடுக்கலாம்னு சொல்லிட்டாங்களாம்.' அவ்வளவுதான். யாருக்கு, யார் கையால், எத்தனை பேர் என்று எவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பாண்டீஸ்வரி நடவுக்குப் போன நேரத்தில் பெரியம்மா முறைக்காரி ஒருத்தி ஒரு கரண்டி களி கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கரண்டி எண்ணெய். அப்புறம் மற்றக் கோடைப் பிள்ளைகளின் தாய்மார் வந்தார்கள். இவர்களைத்தான் நான் யோசித்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கை நிறைய அள்ளி வைக்காதவர்கள். பிள்ளை இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள். நர்ஸே உத்தரவு கொடுத்துவிட்ட பிள்ளை ஒன்று கிடைத்ததும் ஒவ்வொருத்தியும் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். "அம்மாகிட்டச் சொல்லாதத்தா, ஒரே ஒரு கரண்டிதான்." ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாண்டீஸ்வரி போட்ட அலறல் என் நிலையத்துக்கே கேட்டது.

நான் போனபோது பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை, இமை இரண்டும் வீங்கிப் பொம்மியிருந்தது. விரலால் காலை அழுத்தினால் குழி விழுந்தது, குழி மேலே வரவில்லை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் குமிழி உடைகிற சத்தம். முகிலனுக்குக் கேட்ட அதே சத்தம். நான் நஸ்ரினுக்கு போன் போட்டேன்.

"எவ்வளவு நேரமா?" என்றாள்.

"தெரியலடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடவா?"

"வேணாம் மேரிக்கா. பார்த்ததும் டிரிப் ஏத்துவாங்க, ஏத்துனா முடிஞ்சுரும். நீர் பிரியிற ஊசி இவங்க சிறுநீரகத்துல கேக்காது, ஏற்கெனவே பார்த்துட்டோம். மூட்டத்துக்குக் கொண்டுபோங்க. எவ்வளவு சூடு முடியுமோ அவ்வளவு. தோல் வழியா எறங்குனாத்தான் உண்டு. நான் கெளம்பிட்டேன்."

கயிற்றுக்கட்டிலோடு நாலு பேர் தூக்கினார்கள். மழை என்றால் அப்படி ஒரு மழை. பாண்டீஸ்வரி மகள் மேல் குடை பிடிக்கவில்லை, தானே கவிழ்ந்து படுத்துக்கொண்ட மாதிரி கட்டிலோடு ஒட்டி ஓடினாள். ஒரு துளிகூட அந்த உடம்பில் படக் கூடாது என்று நினைத்தாள் போல. கொட்டகையில் பிள்ளைகள் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வழிவிட்டார்கள். மூட்டத்தின் ஒரு பக்க மண்ணை மண்வெட்டியால் இழுத்துவிட்டோம். காற்றுப் பட்டதும் உள்ளே கனிந்துகொண்டிருந்த விறகு திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. அதன் முன்னால் கட்டிலைப் போட்டோம். என் முகத் தோல் பொசுங்கியது. பிள்ளையின் தோலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"வெறகு பத்தாது," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் நனையாமல் வைத்திருந்த விறகைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு ஒவ்வொருத்தியாக வந்தாள். விறகைப் போட்டுவிட்டு என் காலில் விழுந்தாள். "நர்ஸக்கா, நான் ஒரு கரண்டி குடுத்துட்டேன்." அடுத்தவள். "நானும் ஒண்ணுக்கா." அதற்கடுத்தவள். பக்கத்தில் நிற்பவள் முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. பத்தொன்பது பேர். ராக்கம்மாள் ஒரு ஓரமாக உட்கார்ந்து தன் கையையே கட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டையைப் பிடுங்கி நெருப்பில் போட்டேன்.

பாண்டீஸ்வரி என் காதோரம் குனிந்தாள். "நானும் குடுத்தேன்க்கா. நேத்து. நான் பெத்த பிள்ளைக்கு நான் மட்டும் குடுக்கலையேன்னு."

அவளை நான் என்ன சொல்ல? திங்கட்கிழமை காலையில் நாடி பார்க்கப் போன இடத்தில் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுப்பில் ராக்கம்மாள் விட்டுப்போன வாளி இருந்தது. நானும் ஒரு கரண்டி கொடுத்தேன். விதி போட்ட நானே கொடுத்தேன். ஒன்றுதானே என்றுதான் நானும் நினைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் அந்தக் குமிழிச் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. முப்பத்து மூன்று பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்து, மழைக்காற்று உள்ளே வராமல் முதுகால் மறைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்புறம் பாண்டீஸ்வரி, "அக்கா," என்றாள். பிள்ளையின் மேலுதட்டில் கடுகு அளவுக்கு ஒரு துளி. அதை நாங்கள் துடைக்கவே இல்லை. நெற்றியில் ஒன்று வந்தது. கழுத்தில் வந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டில் கயிறு நனைந்து கீழே மண்ணில் சொட்டியது. பெண்கள் அந்தச் சொட்டைப் பார்த்துக் குலவை போட ஆரம்பித்தார்கள், பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

தரைப்பாலத்தில் இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி நடந்து நஸ்ரின் வந்து சேர்ந்தபோது நெஞ்சுச் சத்தம் நின்றிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "பொழைச்சுட்டா," என்று சொல்லி ஈரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மதுநிஷாவுக்குக் கண் பாதி திறந்தது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இருவத்திரெண்டு மேரியம்மா," என்றாள்.

"என்னடி இருவத்திரெண்டு?"

"கரண்டி. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பயமெல்லாம் கோபமாகத்தான் எனக்கு வெளியே வரும். "எண்ணத் தெரிஞ்ச கழுதைக்கு வாய மூடத் தெரியலையா? செத்திருப்பியேடி!"

"தெரியும். முகிலன் அம்மா குடுத்தாங்க. என் வாயவே பாத்துக்கிட்டு நின்னாங்க. எப்படி மேரியம்மா துப்புறது?"

விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற முகிலனின் அம்மா வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு வெளியே மழைக்குள் போய்விட்டாள். நான் மதுநிஷாவின் ஈர முடியை ஒதுக்கிவிட்டேன்.

"இனிமே எனக்குப் பிள்ளை பொறக்கும்ல?"

"நல்லா இருக்கே. இதெல்லாம் இப்பத் தேவையா? படிச்சு, வளந்து, கல்யாணம் ஆகட்டும். பொறக்கும்."

"அதுவும் வயித்துக்குள்ள ருசி பார்க்கும்ல? நாங்க பார்த்த மாதிரி?"

இந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் கதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். நஸ்ரின்தான் ஒளிக்காமல் சொல்லி வளர்த்திருக்கிறாள். "பார்க்கும்," என்றேன்.

"வெளிய என்ன காலம்னு நெனைக்கும்?"

நான் நஸ்ரினைப் பார்த்தேன். பதில் சொல்லு தாயே, நீதானே படித்தவள் என்று பார்த்தேன். அவள் நனைந்த தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டாள், நிமிரவில்லை. இத்தனை வருஷமாக ஞாயிறு தவறாமல் எதற்குப் பயந்து வந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தகரத்தில் மழை இடித்துக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரி என் முகத்தையே பார்த்தாள். கட்டிலைச் சுற்றியிருந்த முப்பத்து மூன்று பிள்ளைகளும் பார்த்தார்கள், அதில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்.

"இம்புட்டு மழை கொட்டுதேடி," என்று நான் பொய் சொன்னேன். "நல்ல காலம்னுதான் நெனைக்கும்."

மதுநிஷா என் மேல் இரக்கப்பட்டவள் போல மெல்லச் சிரித்தாள்.

"அதுக்கு ஊரு ஒலகம் எல்லாம் நான்தான மேரியம்மா? எனக்குள்ள எங்க மழை பேஞ்சுச்சு?"